கொசு இல்லாத மல்லாரி

பாளையங்கோட்டை,
23-5-1999.

அன்புள்ள அத்தானுக்கு,

சௌந்தரி எழுதுவது. ஆண்டவருடைய கிருபையால் நானும் ஜெமிமாவும் இங்கே சுகம். நீங்களும் அங்கே அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் இந்த வீட்டின் காலை ஜெபமும் மாலை ஜெபமும்.

உங்கள் கடிதம் வியாழக்கிழமை வந்தது. அறையில் கொசுச் சத்தமே இல்லை, ஆனால் காலையில் எழுந்தால் கை காலெல்லாம் தடித்திருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். மூட்டைப்பூச்சியாகத்தான் இருக்கும். லீவு நாளில் மெத்தையைத் தூக்கி வெயிலில் போடுங்கள். ஷார்ஜா வெயிலுக்கு அந்தப் பிரயோஜனமாவது இருக்கட்டும். ஜெனரேட்டர் ஹாலில் கொடுத்த காது மூடியை வியர்க்கிறது என்று கழற்றி வைத்துவிடுகிறீர்களாம். இரண்டு வருடமாக இதே கதைதானா? வியர்த்தால் துடைத்துவிட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். போன வெள்ளிக்கிழமை போனில் லைன் மகா மோசம். நான் சொன்னதையே மூன்று மூன்று தடவை சொல்ல வைத்தீர்கள், நீங்களும் ஊரே கேட்கிற மாதிரி கத்தினீர்கள். பூத்துக்கார நூகு அண்ணாச்சியிடம் சண்டை போட்டேன். ‘நம்ம லைன் சுத்தமா இருக்கு டீச்சர், கோளாறு அந்தப் பக்கந்தான்’ என்கிறார். என்றைக்குத்தான் அவர் தன் பூத்தைக் குறை சொல்லியிருக்கிறார்.

இனி பெரிய செய்தி. ஆழ்வார்குறிச்சி காசிலிங்கம் நாயனக்காரரைப் பதிவு செய்துவிட்டேன்! சென்னை இசைத்தட்டுக் கம்பெனி அவரை அங்கே வரச் சொன்னதும் அவர் முடியாது என்றதும் உங்களுக்குத் தெரியும். ஏ.சி. அறையில் உட்கார்ந்தால் நாயனத்தின் சீவாளி காய்ந்து போகிறதாம். திருநெல்வேலி டவுணில் நம் ஒலிப்பதிவு அறைக்கு அழைத்து வந்தால், சுவரில் ஒட்டியிருக்கும் முட்டை அட்டைகளைப் பார்த்துவிட்டு, இங்கன வாசித்தால் போர்வைக்குள் உட்கார்ந்து வாசித்த மாதிரி இருக்கும் என்றார். கடைசியில் அவர் ஊர்ப் பள்ளிக்கூட ஹாலிலேயே வைத்துக்கொண்டோம். பள்ளிக்கூடத்துக்கு லீவு, எனக்கும் லீவு. மூன்று நாள் மின்விசிறியை நிறுத்திவிட்டு வேர்வையில் குளித்தோம். மைக்குகளை நீங்கள் படம் போட்டு அனுப்பின இடத்திலேயே வைத்தேன், ஒரு சாண்கூட மாற்றவில்லை. எட்டு உருப்படி, அறுபத்தெட்டு நிமிடம். முதல் உருப்படி, வழக்கம்போல் சாமி புறப்பாட்டு மல்லாரி. தவிலுக்கு வன்னியராஜ். அவர் தனி ஆவர்த்தனத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

கம்பெனிக்காரர்கள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். ஜூன் முப்பதுக்குள் சிடி அவர்கள் கையில் இருக்க வேண்டும். கேட்டுப் பார்த்துத் திருப்தி என்றால் தாமிரபரணிக் கரை வித்வான்கள் இன்னும் பதினொரு பேரின் பதிவையும் நம் கையிலேயே கொடுப்பார்கள். இல்லையென்றால் இத்தோடு சரி. நீங்களும் எழுதிவிட்டீர்கள், இந்தக் கிறிஸ்துமஸுக்குள் நம் அறையிலிருந்து ஒரு சிடிகூட வெளியே போகாவிட்டால் மெஷின்களை விற்றுவிட்டு நானும் ஜெமிமாவும் அங்கே வந்துவிட வேண்டும் என்று. ஆக, இந்த ஒன்றில்தான் எல்லாம் இருக்கிறது. நான் அங்கே வருவதா, நீங்கள் இங்கே வருவதா என்பதும் சேர்த்து.

அதற்குள் நான் ஒரு முட்டாள்தனம் செய்துவிட்டேன். சிரிக்காமல் படியுங்கள். நீங்கள் வாங்கி அனுப்பின டாட் ரிக்கார்டர் ஒலியை வினாடிக்கு நாற்பத்தெட்டாயிரம் தடவை அளந்து எழுதுகிறது. அதைக் குறைக்க அதில் வழியில்லை. சிடியோ வினாடிக்கு நாற்பத்து நாலாயிரத்து நூறுதான் வாங்கிக்கொள்ளும். நான் என்ன செய்தேன், கம்ப்யூட்டரில் 48,000 என்று இருந்த இடத்தில் 44,100 என்று அடித்தேன். கம்ப்யூட்டரும் சரி என்றது. அரைப்படி அரிசி மூட்டையின் மேல் ஒரு படி என்று எழுதி ஒட்டின கதை. அப்படியே சிடி போட்டு, பெருமையாக இரண்டு பேரையும் டவுணுக்கு வரவழைத்துப் போட்டுக் காட்டினேன்.

காசிலிங்கம் அண்ணாச்சி ஒரு நிமிடம்தான் கேட்டார். முகம் சுருங்கிவிட்டது. ‘இது யாரு வாசிக்கது?’ என்றார். நீங்கள்தான் அண்ணாச்சி என்றேன். ‘நம்ம நாயனம் ரெண்டரைக் கட்டைல்லா. இது ஒண்ணரைக்கும் ரெண்டுக்கும் நடுவுல, எந்தக் கட்டையிலயும் இல்லாம கெடக்கு’ என்று பையிலிருந்து சுருதிப் பெட்டியை எடுத்து வைத்தே காட்டிவிட்டார். வன்னியராஜ் மட்டும் பரவசமாக உட்கார்ந்திருந்தார். அவர் கை இவ்வளவு நிதானமாக, ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழுந்து இதற்கு முன் கேட்டதில்லையாம். ‘இப்படியே போட்டுருங்க டீச்சர்’ என்கிறார். காசிலிங்கம் அண்ணாச்சி காப்பிகூடக் குடிக்காமல் எழுந்து போய்விட்டார். எனக்கு அவமானத்தில் அழுகையே வந்துவிட்டது.

பெயரை மாற்றினால் போதாது, அளவையே முறையாக மாற்ற வேண்டும் என்பது பிறகுதான் உறைத்தது. நீங்கள் கொடுத்துவிட்ட சிடியில் அதற்கென்று நாலு புரோகிராம் இருக்கிறதே, அதில் எது நல்லது? இத்துடன் மல்லாரியில் இரண்டு நிமிடத்தை ஒரு சிடியில் எழுதி அனுப்புகிறேன். உங்கள் அறை நண்பர் கம்ப்யூட்டரில் நாலிலும் போட்டுக் கேட்டு உடனே எழுதுங்கள். தெருவில் போகும்போதே மாடி டியூப் லைட்டில் சோக் இரைவதைச் சொன்ன காது உங்களுடையது. அதை நம்பித்தானே இந்த அறையையே ஆரம்பித்தோம்.

கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக. வரத்தைக் கொஞ்சம் சீக்கிரமாகவே காக்கட்டும்.

உங்கள்,
ஞானசௌந்தரி.


பாளையங்கோட்டை,
13-6-1999.

அன்புள்ள அத்தானுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது, கூடவே காற்றும் வந்துவிட்டது. பள்ளிக்கூடம் திறந்து, பத்தாம் வகுப்பில் ஐம்பத்திரண்டு பேர் என் தலையில். ஜெமிமாவுக்கு ஒரு பல் விழுந்திருக்கிறது. அப்பா வருவதற்குள் முளைத்துவிடுமா என்று கேட்கிறாள். பல்லுக்கு அவசரமில்லை, பைய முளைக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

உங்கள் பதில் நேற்று வந்தது. படித்துவிட்டு எனக்கு வந்த கோபத்தை முதலில் எழுதிவிடுகிறேன், இல்லையென்றால் மற்றது எழுத ஓடாது. மூன்றையும் போட்டுக் கேட்டேன், ஒரு வித்தியாசமும் இல்லை, எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, இரண்டாவது வேகமாக முடிகிறது, அதையே வைத்துக்கொள் என்று நாலே வரி. நாலாவதைத் திறந்தால் கறுப்புத் திரைதான் வருகிறது, அது வேலைக்கு ஆகாது என்று ஒரு வரி. கல்யாண வீட்டுக்கு ஸ்பீக்கர் கட்டுகிறவர்கூட இதைவிட அக்கறையாகச் சொல்வார். நீங்களா இப்படி எழுதினீர்கள்?

உங்கள் பதில் வருகிறவரை நான் சும்மா இருக்கவில்லை. சனி ஞாயிறு இரண்டு நாளும் டவுண் அறையில்தான் இருந்தேன். முதல் புரோகிராம் மல்லாரியை ஒரு நொடியில் மாற்றித் தந்தது. சுருதி சரியாக ரெண்டரைக் கட்டையில் நின்றது. ஹெட்போனைப் போட்டுக்கொண்டு கேட்டேன். வெண்கலத் தாளம் விழுகிற இடத்திலெல்லாம் காதோரம் ஒரு கொசு. ஜன்னலைச் சாத்தினேன். போகவில்லை. கீழே இறங்கிப் போய்க் கொசுவர்த்திச் சுருள் வாங்கி வந்து, பட்டப்பகலில் ஏற்றி வைத்துவிட்டு மறுபடி ஹெட்போன் போட்டால், மறுபடி கொசு. காதை முழுக்க மூடின ஹெட்போனுக்குள் கொசு எப்படி வரும் என்று அப்புறம்தான் யோசித்தேன். பௌதிகம் எம்.எஸ்ஸி., இதை வெளியே சொல்லாதீர்கள்.

சந்தேகம் தீர ஒரு பரீட்சை வைத்தேன். கம்ப்யூட்டரிலேயே ஒரு விசில் சத்தம் செய்தேன், அடித்தொண்டையில் ஆரம்பித்து மேலே மேலே ஏறிக்கொண்டே போகிற ஒரே விசில். ஒரு கட்டத்தில் அது என் காதுக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விடுகிறது. அதற்குப் பிறகு எனக்கு அமைதியாகத்தான் இருக்க வேண்டும். முதல் புரோகிராமில் மாற்றிக் கேட்டால், பெரிய விசில் மறைந்த பிறகும் அதற்குக் கீழே இன்னொரு மெல்லிய விசில் தன் பாட்டுக்கு ஏறிக்கொண்டிருக்கிறது. நான் போடாத விசில்! அளவை மாற்றும்போது கணக்கில் கஞ்சத்தனம் செய்தால் இல்லாத ஒலி முளைக்கிறது. மல்லாரியில் அதற்கு இடம் தாளம்தான். அதன் உச்ச ஒலிகளுக்குப் பின்னால் வந்து ஒட்டிக்கொள்கிறது.

நீங்கள் சிபாரிசு செய்த இரண்டாவதிலும் அதே கொசு இருக்கிறது அத்தான். கொஞ்சம் சின்னக் கொசு, அவ்வளவுதான். ஜெமிமாவைக் கூப்பிட்டு ஹெட்போனை மாட்டினேன், நான் எதையும் சொல்லிவைக்கவில்லை. அவளாகவே கையை வீசிக் காதோரம் விரட்டினாள். உங்களுக்கு எப்படிக் கேட்காமல் போனது? ஹெட்போன் மட்டமானதா, அல்லது நண்பர்கள் அரட்டைக்கு நடுவில் கேட்டீர்களா?

மூன்றாவது தங்கம். விசில் மேலே போனதும் கோவில் கதவைச் சாத்தின மாதிரி அமைதி. தாளம் விழுந்தால் தாளம் மட்டும்தான். ஆனால் ஒரு நிமிடச் சங்கீதத்தை மாற்ற இருபத்தைந்து நிமிடம் எடுத்துக்கொள்கிறது. பதினெட்டு நிமிட உருப்படி ஒன்றுக்கு ஏழரை மணி நேரம். அறுபத்தெட்டு நிமிடத்துக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு நாள் முழுசும் போதாது. இங்கே ஆனிக் காற்றுக்கு மணிக்கொரு தரம் கரண்ட் போகிறது. யு.பி.எஸ். பன்னிரண்டு நிமிடம் தாங்கும். நேற்று ஆறு மணி நேரம் ஓடி, முடியப் போகிற சமயத்தில் எங்கேயோ கம்பியில் மரக்கிளை விழுந்தது. திரும்ப முதலிலிருந்து. இன்றைக்கும் அப்படியே. நான் அந்த நாற்காலியிலேயே தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

வேகமானது கெடுக்கிறது, நல்லது முடிவதில்லை. வேறு யாராக இருந்தாலும் இரண்டாவதையே போட்டு அனுப்பிவிடு, யாருக்குக் கேட்கப் போகிறது என்பார்கள். நீங்களும் அதையேதான் எழுதியிருக்கிறீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், நான் அதைச் செய்யப் போவதில்லை. காசிலிங்கம் அண்ணாச்சி காப்பி குடிக்காமல் போனது இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. அவர் நாயனத்தைக் கொசுவோடு அனுப்ப மாட்டேன். உங்கள் கறுப்புத் திரையை ஒரு கை பார்க்கிறேன். காலேஜில் ஒரு வருடம் கறுப்புத் திரையில்தானே கட்டளை அடித்துக் கற்றுக்கொண்டேன்.

உங்கள் காலடிகள் இடறாமல் தேவன் பார்த்துக்கொள்வார். காது மூடியைப் போட்டுக்கொள்வது உங்கள் பொறுப்பு.

அன்புடன்,
சௌந்தரி.


பாளையங்கோட்டை,
11-7-1999.

என் அன்புள்ள அத்தானுக்கு,

ஜெயித்துவிட்டோம்! சுகம் விசாரிப்பதெல்லாம் அப்புறம். கம்பெனி நம் சிடியை எடுத்துக்கொண்டது. பதினொரு பேரும் நமக்குத்தான். இதைப் போனில் கத்திச் சொல்லியிருக்கலாம். ஆனால் நடந்ததை முழுசாக எழுதித்தான் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தேன். ஒரு டம்ளர் டீயோடு உட்கார்ந்து படியுங்கள்.

நீங்கள் வேலைக்கு ஆகாது என்று தள்ளின நாலாவதுதான் காப்பாற்றியது. அதற்குப் பெயர்கூட ஒழுங்காக இல்லை, ஜன்னல் இல்லை, பொத்தான் இல்லை. எந்த ஃபைல், எந்த அளவிலிருந்து எந்த அளவுக்கு என்று ஒரு வரி அடிக்க வேண்டும், அவ்வளவுதான். கூடவே அதை எழுதினவர் ஒரு குறிப்பு வைத்திருந்தார். எந்தத் தேசத்துப் பிள்ளையோ, அவனை நான் தினமும் ஜெபத்தில் நினைக்கிறேன். நாற்பத்தெட்டாயிரத்துக்கும் நாற்பத்து நாலாயிரத்து நூறுக்கும் உள்ள உறவைச் சுருக்கினால் நூற்றறுபதுக்கு நூற்று நாற்பத்தேழு. நூற்றறுபது புள்ளி உள்ளே போனால் நூற்று நாற்பத்தேழு புள்ளி வெளியே வரும், பிறகு அதே முறை திரும்பத் திரும்ப. மூன்றாவது புரோகிராம் ஒவ்வொரு புள்ளிக்கும் கணக்கை அடியிலிருந்து போடுகிறது. இது நூற்று நாற்பத்தேழு வரிசையையும் ஒரே தடவை வாய்ப்பாடாக எழுதி வைத்துக்கொண்டு, அப்புறம் பார்த்துப் பார்த்துப் பெருக்குகிறது. பதினாறாம் வாய்ப்பாடு தெரிந்த பிள்ளையும் விரல் விட்டு எண்ணுகிற பிள்ளையும் ஒரே விடையைத்தான் எழுதும். யார் முதலில் பேப்பரைக் கொடுப்பார்கள்? இது நமக்குத் தோன்றவில்லையே என்று எனக்கு வெட்கமாகக்கூட இருந்தது.

விசில் பரீட்சை வைத்தேன். அமைதி! மல்லாரியைப் போட்டேன். கொசு இல்லை. பதினெட்டு நிமிட உருப்படியை ஆறு நிமிடத்தில் முடித்துவிட்டது. கடிகாரம் நின்றுவிட்டதோ என்று தட்டிப் பார்த்தேன். இதைக் கண்டுபிடித்தது என்றைக்கு என்று நினைக்கிறீர்கள்? நெல்லையப்பர் தேருக்கு முந்தின நாள் மத்தியானம். மீதியை ஆரம்பிப்பதற்குள் காற்றில் கரண்ட் போனது, அன்றைக்கு வரவே இல்லை.

மறுநாள் தேர். ரத வீதியில் தேர் வருகிறதென்றால் கம்பிகளில் கரண்டை நிறுத்திவிடுவார்கள். தேர் நிலைக்கு வந்து சேர்கிறவரை, அது ஒரு நாளோ இரண்டு நாளோ, திரும்பக் கொடுக்க மாட்டார்கள். சிடி அன்றைக்குச் சாயங்கால ரயிலில் போனால்தான் உண்டு. உள்ளூர் விடுமுறை என்பதால் எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை. விடியுமுன்னே முதல் டவுண் பஸ்ஸில் ஜெமிமாவை இழுத்துக்கொண்டு ஏறினேன். அந்த நேரத்துக்கே பஸ்ஸில் நிற்க இடமில்லை. தெற்கு ரத வீதியில் நம் ஜவுளிக் கடை வாசலிலேயே லைன்மேன் ஞானசிகாமணி ஏணியோடு நிற்கிறார். எப்போது நிறுத்துவீர்கள் அண்ணாச்சி என்றேன். ‘எட்டு மணிக்கு டீச்சர். தேரு முக்கு திரும்பிருச்சுன்னா ஒரு நிமிஷம் நிக்க மாட்டேன்’ என்றார்.

ஆறரை மணிக்குள் எட்டு உருப்படியும் மாறிவிட்டது. கடைசிக் கட்டம் சிடியில் எழுதுவது, முப்பத்து நாலு நிமிடம். வெற்றுச் சிடி இரண்டே இரண்டு இருந்தது. எழுத விட்டுவிட்டு, மூச்சு விட்டால்கூடக் கெட்டுவிடும் என்று பத்தடி தள்ளி நின்றோம். இருபத்தெட்டாவது நிமிடம் திரையில் கலர் கலராக மீன் நீந்துகிறது. உங்கள் அருமை மகள் போட்டு வைத்த ஸ்கிரீன் சேவர். மீன் வந்த வேகத்தில் கம்ப்யூட்டருக்கு மூச்சுத் திணறி, சிடி பாழ். ஜெமிமா என் முகத்தைப் பார்த்துவிட்டு மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். திட்டவும் நேரமில்லை. மீனை ஒழித்துவிட்டு, முழுசும் ஒரு தரம் சரி பார்த்துவிட்டு, இரண்டாவது சிடியை வைக்கும்போது ஏழே முக்கால். எட்டு மணிக்கு எப்படி முடியும்?

எட்டுக்கு வெளியே ஒரே இரைச்சல். வடம் பிடித்துவிட்டார்கள். ஜன்னலில் பார்த்தால் கூரைகளுக்கு மேலே தேரின் உச்சி பைய அசைந்து வருகிறது. ஞானசிகாமணி ஏணியில் ஏறிவிட்டார். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, படித்தவள் என்பதை மறந்து, ‘அண்ணாச்சி, இருவது நிமிஷம்!’ என்று கத்தினேன். ‘தேரு உமக்காக நிக்குமா டீச்சர்?’ என்று அவர் கையை விரித்தார். நின்றது அத்தான்! முக்குத் திரும்புகிற இடத்தில் சக்கரம் எதிலோ முட்டிக்கொண்டு அசைய மாட்டேன் என்றது. ஜனம் கத்துகிறது, கட்டைகளைப் போடுகிறார்கள், நெம்புகிறார்கள், தேர் ஒரு அடி நகரவில்லை. எட்டு இருபதுக்குச் சிடி வெளியே வந்தது. அதைக் கையில் எடுத்து ஜன்னல் வழியே ஆட்டினேன். ஞானசிகாமணி கம்பத்திலேயே சிரித்துக்கொண்டு, ‘நெல்லையப்பரே வேதக்கார டீச்சருக்குன்னு நின்னுட்டாரு வே’ என்று கீழே இருந்தவர்களிடம் சொன்னது என் காதில் விழுந்தது. கரண்ட் போனது. இரண்டு நிமிடத்தில் தேரும் நகர்ந்தது. பாஸ்டர் ஐயாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

தேர் பார்க்க வந்திருந்த காசிலிங்கம் அண்ணாச்சியும் வன்னியராஜும் தேர் நம் வீதியைத் தாண்டினதும் மாடிக்கு வந்தார்கள். கரண்ட் இல்லாததால், நீங்கள் ஜெமிமாவுக்கு அனுப்பின பேட்டரி சிடி பிளேயரில் போட்டு ஹெட்போனைக் கொடுத்தேன். அண்ணாச்சி கண்ணை மூடிக் கேட்டார். மடியில் அவர் விரல்கள் துளைகளை மூடித் திறந்துகொண்டிருந்தன. பதினெட்டு நிமிட உருப்படியை முழுசும் கேட்டுவிட்டு, ஹெட்போனைக் கழற்றி, ‘இது நாந்தான்’ என்றார். அப்புறம் காப்பி கேட்டார்.  பிளாஸ்கில் இருந்த காப்பி முழுவதையும் அவருக்கே ஊற்றினேன்.

சென்னையிலிருந்து கம்பெனியின் ஒலிப்பதிவுக்காரர் போனவாரம் பள்ளிக்கூடத்துக்கே போன் செய்தார். நாயனம் எதிரே உட்கார்ந்து கேட்கிற மாதிரி இருக்கிறது, மைக் வைத்தது யார் என்றார். என் வீட்டுக்காரர் என்றேன். அளவை எந்தப் பெரிய ஸ்டூடியோவில் மாற்றினீர்கள் என்றார். தெற்கு ரத வீதியில், ஜவுளிக் கடை மாடியில் என்றேன். ஜவுளிக் கடையா, ஜவுளிக் கடையா என்று இரண்டு தடவை கேட்டார். அந்தக் குரலை எழுதி அனுப்ப முடிந்தால் அனுப்பியிருப்பேன்.

இனி எழுதப் போவதை எழுதத் தயங்கித்தான் இரண்டு வாரமாகக் கடிதத்தைத் தள்ளிப் போட்டேன்.

அன்றைக்கு மாடியில், சந்தோஷத்தில் ஒரு விளையாட்டு விளையாடினேன். பரீட்சைக்கென்று முன்பே ஒரு சிடியில் எழுதி வைத்திருந்த, கொசு இருக்கிற மல்லாரியையும் இல்லாத மல்லாரியையும் அடுத்தடுத்து வன்னியராஜுக்குப் போட்டுக் காட்டினேன். அவர் கேட்டுவிட்டு, ‘ஒரு வித்தியாசமும் இல்லயே டீச்சர், எல்லாம் நல்லாத்தான் இருக்கு’ என்றார். காசிலிங்கம் அண்ணாச்சிக்கு ஒரே சிரிப்பு. ‘அவன்ட்ட கேக்கியளே. முப்பது வருஷமா காதுக்குப் பக்கத்துல தவிலு. கொசு கடிச்சாத்தான் அவனுக்குத் தெரியும், சத்தம் கேக்காது’ என்றார். வன்னியராஜும் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

வீட்டுக்கு வந்து உங்கள் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். ஒரு வித்தியாசமும் இல்லை, எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. வார்த்தைக்கு வார்த்தை அதேதான். அதற்கு முந்தின கடிதத்தையும் எடுத்தேன். கொசுச் சத்தமே இல்லை, காலையில் தடித்திருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நான் மூட்டைப்பூச்சி என்று பதில் எழுதிவிட்டேன். போனில் என்னை மூன்று தடவை சொல்ல வைத்தது லைன் இல்லை. நூகு அண்ணாச்சியிடம் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன். எதற்கு என்று அவருக்குப் புரியவில்லை.

உங்களுக்குத் தெரியும், இல்லையா? ஒன்பது வயதுப் பிள்ளை கை வீசி விரட்டின சத்தம் உங்களுக்குக் கேட்கவில்லை என்றால், நாலு வரி எழுதி முடித்துக்கொண்டது அக்கறை இல்லாமல் அல்ல. அதைக் கல்யாண வீட்டு ஸ்பீக்கரோடு சேர்த்துப் பேசினேனே, அந்த வரியை அடித்துவிடுங்கள். மெஷின்களை விற்றுவிடு என்று நீங்கள் எழுதினதற்கும் அர்த்தம் இப்போதுதான் விளங்குகிறது. அழுதேன், மறைப்பானேன். அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டேன்.

நான் சொல்வதை இனி கேளுங்கள். பதினொரு வித்வான்கள் காத்திருக்கிறார்கள். மைக்கை எங்கே வைப்பது என்று இந்த ஜில்லாவில் உங்களுக்குத்தான் தெரியும். அதற்கு உச்சி விசில் கேட்க வேண்டியதில்லை. மேலே உள்ள சத்தத்துக்கு நான் இருக்கிறேன், ஜெமிமா இருக்கிறாள். கிறிஸ்துமஸுக்கு வாருங்கள், திரும்பிப் போகிற டிக்கெட் எடுக்காமல் வாருங்கள். ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் காது டாக்டரை நான் கேட்டு வைத்திருக்கிறேன். போனதை மீட்க முடியாவிட்டாலும் இருப்பதைக் காக்கலாம் என்றார். அதுவரை அந்தக் காது மூடியைப் போட்டுக்கொள்ளுங்கள். வியர்க்கட்டும்.

தேரை நிறுத்தினவர் யாராக இருந்தாலும் அவரே உங்களைப் பத்திரமாக என் வாசலில் கொண்டுவந்து நிறுத்தட்டும்.

வெள்ளிக்கிழமை நீங்கள் போன் செய்யும்போது நான் பைய, ஒவ்வொரு வார்த்தையாகப் பேசுகிறேன். லைன் சரியில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். கேட்கவில்லை சௌந்தரி என்று சொல்லுங்கள். நான் திரும்பச் சொல்கிறேன். எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்கிறேன்.

என்றும் உங்கள்,
சௌந்தரி.